உலர் உணவா, ஈர உணவா, பச்சை இறைச்சியா: இரண்டு பூனைகளுக்கு எதைக் கொடுப்பது?

கேள்வி: சாம்பல்வால்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் வளர்கின்றன. ஒன்று ஐந்து வயதான, கருத்தடை செய்யப்பட்ட கடுவன். அதன் எடை 5.5 கிலோ. அதன் உடல்வாகிற்கு 4.5 கிலோவே போதும் என்று கால்நடை மருத்துவர் கூறியிருக்கிறார். மற்றொன்று ஏழு மாதப் பெட்டைக் குட்டி. கடுவன் சிறு வயதிலிருந்தே உலர் உணவை மட்டும் தின்று வளர்ந்தது. கிண்ணத்தில் எந்நேரமும் உணவு இருக்கும். நினைத்தபோதெல்லாம் வந்து தின்றுவிட்டுப் போகும். ஆனால் அது தண்ணீர் குடிப்பதை நாங்கள் அரிதாகவே பார்க்கிறோம். சென்ற ஆண்டு சிறுநீர் கழிக்க அது சிரமப்பட்டபோது பரிசோதித்துப் பார்த்ததில், சிறுநீரில் ஸ்ட்ரூவைட் என்ற தாது உப்புப் படிகங்கள் இருப்பது தெரிந்தது. மருத்துவர் குறித்துக் கொடுத்த உணவைச் சில காலம் கொடுத்த பின் அது குணமடைந்தது. குட்டிக்கு எந்தத் தயக்கமும் இல்லை; எதை வைத்தாலும் தின்கிறது.

இப்போது இரண்டின் உணவையும் ஒழுங்குபடுத்த விரும்புகிறேன். ஆனால் விசாரிக்க விசாரிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. உலர் உணவில் மாவுச்சத்து மிகுதி, அது பூனைக்கு ஆகாது என்று ஒருவர் சொல்கிறார். ஈர உணவு பல்லைக் கெடுத்துவிடும் என்று மற்றொருவர் எச்சரிக்கிறார். பூனை வேட்டை விலங்கு என்பதால் பச்சை இறைச்சியே அதன் இயல்பான உணவு, மற்றவை எல்லாம் மனிதர் தம் வசதிக்காகச் செய்துகொண்டவை என்கிறார், பூனைகளை மிகுந்த அன்புடன் வளர்க்கும் என் நண்பர் ஒருவர். அவருடைய பூனைகளின் பளபளப்பான ரோமத்தைப் பார்த்தால் அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பகலில் எட்டு மணி நேரம் பூனைகளைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. என் அண்ணி கருவுற்றிருக்கிறார். அப்பா எழுபது வயதைக் கடந்தவர். இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு, எந்த உணவை, எந்த அளவில், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


பதில்: நீலக்குறிஞ்சி

வணக்கம், சாம்பல்வால். உணவு உலர்ந்ததா, ஈரமானதா, பச்சையானதா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த உணவு பூனையின் தேவைகள் அனைத்தையும் நிறைவு செய்யும் முழுமையான உணவுதானா என்பதே அது. இதற்குத் தெளிவான விடை கிடைக்காத எந்த உணவையும், அது எவ்வளவு இயற்கையானதாகத் தோன்றினாலும், நான் அன்றாட உணவாகக் கொடுக்க மாட்டேன்.

இதில் நான் இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பூனை ஊன் உண்டே வாழ வேண்டிய உயிர். நாயும் மனிதனும் தம் உடலுக்குள்ளேயே செய்துகொள்ளும் பல சத்துகளைப் பூனையின் உடலால் போதிய அளவில் செய்துகொள்ள முடியாது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை அதனால் வைட்டமின் ஏ ஆக மாற்ற இயலாது. அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை அது விலங்குக் கொழுப்பிலிருந்தே பெற வேண்டும். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு கூடச் சில மணி நேரத்திற்குள் இரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றி, பூனையை உயிராபத்தில் தள்ளிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம், டாரின் என்ற அமினோ அமில வகைச் சத்து கற்றுத் தந்த பாடம். 1987ஆம் ஆண்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய பால் பியோன் என்ற கால்நடை இதய நோய் மருத்துவரும் அவருடைய குழுவினரும், இதயத் தசை தளர்ந்து விரிந்துபோன பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். டாரினைச் சேர்த்துக் கொடுத்ததும் அந்த இதயங்கள் மீண்டும் வலுப்பெற்றன. அந்தப் பூனைகள் தின்றுவந்தவை அக்கால வரையறைகளின்படி குறையில்லாதவை என்று கருதப்பட்ட உணவுகள். அதன் பிறகே உற்பத்தியாளர்கள் டாரினின் அளவைக் கூட்டினார்கள். அந்த நோயும் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே, பொட்டலத்தின் முன்பக்கத்தில் உள்ள படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். அது முழுமையான, சமச்சீரான உணவு என்ற அறிவிப்பு அங்கே இருக்க வேண்டும். அமெரிக்க வரையறை என்றால் ஆஃப்கோ என்ற பெயரும், ஐரோப்பிய வரையறை என்றால் ஃபெடியாஃப் என்ற பெயரும் காணப்படலாம். எந்தப் பருவத்திற்கு முழுமையானது என்பதும் முக்கியம். உங்கள் குட்டி இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், வளர்ச்சிப் பருவத்திற்கோ அனைத்துப் பருவங்களுக்கோ உரியது என்று குறிப்பிட்ட உணவே அதற்குத் தேவை. சாறில் மிதக்கும் சூரைமீன் துண்டுகளும் கோழி இழைகளும் மட்டும் அடங்கிய பவுச்சுகள் பல, துணை உணவு என்ற சிறு குறிப்புடன்தான் விற்கப்படுகின்றன. அவற்றை எப்போதாவது ஆசைக்குக் கொடுக்கலாம். அவற்றை மட்டுமே நாள்தோறும் கொடுத்தால் குறைபாடு உறுதியாக வரும்.

முழுமை உறுதியான பிறகு, உங்கள் கடுவனைப் பொறுத்தவரை முதன்மையானது தண்ணீர். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. இரையின் உடலில் இருந்த ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. ஓர் எலியின் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதனால் தாகம் குறைவாகவும் சிறுநீர் மிகவும் அடர்த்தியாகவும் இருக்கும்படி அதன் உடல் அமைந்துவிட்டது. உலர் உணவில் 6 முதல் 10 விழுக்காடு வரையே ஈரம் உண்டு. ஈர உணவில் 75 முதல் 82 விழுக்காடு வரை உண்டு. உலர் உணவைத் தின்னும் பூனை கிண்ணத்திலிருந்து கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் மொத்தத்தில் அதன் உடலுக்குள் செல்லும் தண்ணீர், ஈர உணவைத் தின்னும் பூனைக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உங்கள் பூனையின் எண்களை வைத்தே பார்ப்போம். 4.5 கிலோ எடையுள்ள பூனையின் அடிப்படை ஆற்றல் தேவை நாளொன்றுக்குச் சுமார் 216 கிலோகலோரி. கிராமுக்கு 3.8 கிலோகலோரி தரும் உலர் உணவாக இருந்தால் அது 57 கிராம். அதிலிருந்து கிடைக்கும் தண்ணீர் ஐந்து மில்லிலிட்டருக்கும் குறைவு. கிராமுக்கு 0.9 கிலோகலோரி தரும் ஈர உணவாக இருந்தால் அதே ஆற்றலுக்கு 240 கிராம் வேண்டும். அதனுடன் ஏறத்தாழ 185 மில்லிலிட்டர் தண்ணீர் தானாகவே உள்ளே போய்விடும். அந்த எடையுள்ள பூனைக்கு நாள் முழுவதும் தேவைப்படும் தண்ணீரே சுமார் 200 மில்லிலிட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், படிகச் சிக்கலைக் கண்ட ஒரு கடுவனுக்கு ஈர உணவு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது விளங்கும். பாதி ஆற்றலை உலர் உணவிலும் பாதியை ஈர உணவிலும் கொடுத்தால்கூட, 28 கிராம் உலர் உணவும் 120 கிராம் ஈர உணவும் சேர்ந்து கிட்டத்தட்ட 95 மில்லிலிட்டர் தண்ணீரைத் தந்துவிடுகின்றன.

உணவுகளை ஒப்பிடும்போது பலர் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. உலர் உணவின் அட்டையில் புரதம் 32 விழுக்காடு என்றும் ஈர உணவின் அட்டையில் 10 விழுக்காடு என்றும் இருந்தால், முதலாவதே சத்து மிகுந்தது என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். 8 விழுக்காடு ஈரமுள்ள உலர் உணவின் திடப்பொருளில் புரதம் சுமார் 35 விழுக்காடு. 80 விழுக்காடு ஈரமுள்ள ஈர உணவின் திடப்பொருளில் புரதம் 50 விழுக்காடு. மாவுச்சத்தின் அளவைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை; புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரம், சாம்பல் ஆகிய ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் அது கிடைத்துவிடும். சாம்பல் என்பது அதில் உள்ள தாது உப்புகளைக் குறிக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

உலர் உணவை நஞ்சு என்று சொல்வது மிகை. உலர் உணவு உருண்டைகள் உடையாமல் நிற்பதற்கு மாவுச்சத்து தேவைப்படுகிறது. வேகவைத்த மாவுச்சத்தை நலமான பூனையால் ஓரளவு செரிக்க முடியும். உலர் உணவு உடலைப் பருக்க வைப்பதற்கு முதற்காரணம், சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றல் அடங்கியிருப்பதும், கிண்ணம் நாள் முழுவதும் நிறைந்திருப்பதும்தான். கருத்தடைக்குப் பின் பூனையின் ஆற்றல் தேவை கணிசமாகக் குறைந்துவிடுகிறது, பசியோ கூடுகிறது. எனவே எந்த உணவைத் தேர்ந்தெடுத்தாலும், கிண்ணத்தை நிரப்பி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.


பதில்: செங்கால்நாரை

நீலக்குறிஞ்சி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் பச்சை இறைச்சி கொடுப்பவர்களின் தரப்பையும் எடுத்துச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன், ஏனெனில் எங்களைப் பொறுப்பற்றவர்கள் என்று கருதுவோர் பலர் இருக்கிறார்கள்.

எங்கள் பூனைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பச்சை உணவே கொடுத்துவருகிறோம். கசாப்புக் கடையில் வாங்கிய வெறும் இறைச்சியை நாங்கள் கொடுப்பதில்லை. வெறும் தசையில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. அதை மட்டும் தின்னும் குட்டியின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கி, குதித்தாலே கால் முறியும் நிலைக்கு வந்துவிடும். ஈரலை அளவுக்கு மீறிக் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகும். சில வகைப் பச்சை மீன்களில் தயாமின் என்ற வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. இவற்றையெல்லாம் அறிந்துதான், முழுமையான உணவு என்று சான்றளித்து, உயர் அழுத்த முறையில் பதப்படுத்தி, உறைநிலையில் விற்கப்படும் உணவை வாங்குகிறோம்.

இதன் பயனை நாங்கள் கண்ணால் காண்கிறோம். பூனைகள் ஆர்வத்தோடு தின்கின்றன. மலத்தின் அளவும் நாற்றமும் குறைந்திருக்கின்றன. பொரித்தெடுத்தாற்போன்ற உருண்டைகளைவிட இந்த உணவின் புரதம் பூனைக்கு நன்றாகச் செரிக்கிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஈரமும் புரதமும் மிகுதியாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் உள்ள உணவு பூனையின் இயல்புக்கு நெருக்கமானது என்பதை யாரும் மறுக்க முடியாது. பூனைகளையே தேர்ந்தெடுக்க விட்ட ஓர் ஆய்வில், அவை தம் ஆற்றலில் ஏறத்தாழ 52 விழுக்காட்டைப் புரதத்திலிருந்தும் 36 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்தும் 12 விழுக்காட்டை மட்டுமே மாவுச்சத்திலிருந்தும் எடுத்துக்கொண்டன. 2011இல் வெளியான அந்த முடிவு எங்கள் நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது.

ஆனால், சாம்பல்வால், உங்கள் அண்ணி கருவுற்றிருக்கும் இந்தக் காலத்தில் பச்சை உணவைத் தொடங்குமாறு நானும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் இருவர் மட்டுமே, இருவரும் நலமாக இருக்கிறோம். உறைந்த உணவைத் தனிப் பலகையில் வைத்துக் கையாள எங்களுக்கு நேரமும் இருக்கிறது.


பதில்: மருதம்

நான் சிறு விலங்குகளுக்கு மருத்துவம் பார்ப்பவன். செங்கால்நாரை மிகுந்த நேர்மையோடு எழுதியிருக்கிறார். அவரைப் போல ஊட்டச்சத்தைப் படித்தறிந்து கொடுப்பவர்கள் குறைவு. அவர் குறிப்பிட்ட நன்மைகளைப் பற்றியே முதலில் பேச விரும்புகிறேன்.

செரிமானத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உலர் உணவு, பச்சை மாட்டிறைச்சி உணவு, அதையே சமைத்த உணவு ஆகிய மூன்றையும் பூனைகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, பச்சை உணவின் புரதமும் சமைத்த உணவின் புரதமும் உலர் உணவின் புரதத்தைவிட நன்றாகச் செரித்தன. நன்மை இறைச்சியிலிருந்து வந்தது. அது பச்சையாக இருந்ததால் வந்ததன்று. ஈரம், உயர்ந்த புரதம், குறைந்த மாவுச்சத்து ஆகிய மூன்றையும் நல்ல ஈர உணவு ஒன்று, நுண்ணுயிர் ஆபத்து இல்லாமல் தந்துவிடுகிறது. அதனால்தான், பச்சை உணவு கொடுக்க விரும்பி வருபவர்களிடம் நான் முதலில் ஈர உணவையே எடுத்துச் சொல்கிறேன்.

ஆபத்து கற்பனையானதன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய பரிசோதனையில், 196 பச்சை உணவு மாதிரிகளில் 15இல் சால்மோனெல்லாவும் 32இல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸும் இருந்தன. பூனை நோய்வாய்ப்படாமலே இந்தக் கிருமிகளை மலத்தில் வெளியேற்றும்; தன் நாவால் ரோமத்தில் பூசிக்கொள்ளும்; அந்த ரோமத்தைத்தான் நாம் தடவிக் கொடுக்கிறோம். லிஸ்டீரியா கருச்சிதைவை உண்டாக்கக் கூடியது. முதியவர்களையும் கடுமையாகத் தாக்கும். எனவே கருவுற்றவரும் எழுபதைக் கடந்தவரும் இருக்கும் உங்கள் வீட்டிற்குப் பச்சை உணவு வேண்டாம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இறைச்சியில் உள்ள டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் நுண்கட்டிகளைச் சில நாள் கடுங்குளிரில் வைத்து அழிக்கலாம் என்பது உண்மையே. சால்மோனெல்லாவும் வைரஸ்களும் அப்படி அழிவதில்லை. உறைநிலையில் உலர்த்தினாலும் தப்பிவிடுகின்றன. உயர் அழுத்த முறை கிருமிகளை வெகுவாகக் குறைக்கிறது என்பதால் அதைத் தேடி வாங்கும் செங்கால்நாரையின் கவனம் பாராட்டத்தக்கது. ஆயினும் அது சமைத்தலுக்கு நிகரான பாதுகாப்பைத் தருவதில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வீட்டை விட்டு வெளியே போகாத பூனை ஒன்று எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தது. அது தின்ற உறைந்த பச்சை வான்கோழி உணவில் இருந்த வைரஸும் பூனையின் உடலில் இருந்த வைரஸும் மரபணு அளவில் ஒத்துப்போயின. பறவைக் காய்ச்சல் பூனைகளை மிகக் கொடுமையாகத் தாக்குகிறது. அடுத்த மாதமே, சமைக்காத கோழி, மாட்டுப் பொருள்களைக் கொண்டு பூனை உணவும் நாய் உணவும் தயாரிப்பவர்கள் இந்த வைரஸைக் கருத்தில் கொண்டு தம் பாதுகாப்புத் திட்டங்களை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று அந்நாட்டு நிர்வாகம் அறிவித்தது. அதற்கு முன்பே, 2018 முதல் பிரிட்டனில், வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுக் காசநோய் வந்ததற்குப் பச்சை மான் இறைச்சி உணவே காரணமாக இருக்கக்கூடும் என்று கண்டிருந்தார்கள்.

தொழிற்சாலையில் சமைத்த உணவுகளும் குற்றமற்றவை அல்ல என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியவன் ஆவேன். 2007இல் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்த தாவரப் புரதத்தால் ஏராளமான ஈர உணவுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2021இல் பிரிட்டனில் சில உலர் உணவுகளைத் தின்ற நூற்றுக்கணக்கான பூனைகளுக்கு இரத்த அணுக்கள் அனைத்தும் குறையும் நோய் வந்தது. அந்த உணவுகளில் பூஞ்சை நச்சுகள் காணப்பட்டன. எனவே ஒரே நிறுவனத்தின் ஒரே உணவையே ஆயுள் முழுவதும் கொடுக்காமல், முழுமையான உணவுகள் இரண்டு மூன்றைப் பழக்கி வைத்திருப்பது நல்லது. மருத்துவர் குறித்துக் கொடுத்த உணவுக்கு இது பொருந்தாது.

வீட்டில் சமைத்துக் கொடுப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். 2019இல் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் பூனைகளுக்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 114ஐத் திரட்டி ஆராய்ந்தபோது, இன்றியமையாத சத்துகள் அனைத்தும் நிறைந்த குறிப்பு ஒன்றுகூட அகப்படவில்லை. அவற்றுள் சில, பூனைக்கு நச்சாகும் வெங்காயத்தையும் பூண்டையும் சேர்க்கச் சொல்லியிருந்தன. கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் வகுத்துக் கொடுத்த குறிப்பு இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

அண்ணியைப் பற்றி ஒரு குறிப்பு. டாக்ஸோபிளாஸ்மா தொற்றிய பூனை பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை அதன் முட்டை போன்ற வித்துகளை மலத்தில் வெளியேற்றும். அவை வெளியே விழுந்து ஒன்று முதல் ஐந்து நாள்களுக்குப் பின்னரே பிறருக்குத் தொற்றும் தன்மையைப் பெறுகின்றன. ஆகவே மணல் தட்டை நாள்தோறும் வேறு ஒருவர் சுத்தம் செய்து, பூனைகளுக்குச் சமைத்த உணவையே கொடுத்து, அவற்றை வேட்டையாட விடாமல் வைத்திருந்தால் அண்ணி அவற்றுடன் அச்சமின்றி இருக்கலாம். கருவுற்றவர் இருக்கிறார் என்பதற்காகப் பூனையை வீட்டை விட்டு அனுப்பிவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. அதற்குத் தேவையே இல்லை.


மறுகேள்வி: சாம்பல்வால்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பச்சை உணவை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். காலையிலும் இரவிலும் ஈர உணவும், நடுவில் அளந்து வைத்த உலர் உணவும் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். இதில் எனக்கு இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. கடுவன் ஈர உணவை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பசியில் விட்டால் தின்றுவிடும் என்கிறார்கள், அப்படிச் செய்யலாமா? உலர் உணவைக் குறைத்தால் பல் கெடுமா? சிறுநீர்ச் சிக்கலுக்கென்று முன்பு வாங்கிய உணவில் மிச்சம் இருக்கிறது. அதைக் குட்டியும் தின்றால் தீங்கு உண்டா?


பதில்: நீலக்குறிஞ்சி

பசியில் விட வேண்டாம். இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தாலே அதன் உடற்கொழுப்பு ஈரலில் வந்து குவிந்து, ஈரல் செயலிழக்கும் நிலை வரக்கூடும். ஒரு முழு நாள் எதையும் தின்னாவிட்டால் மருத்துவரை அழைப்பதுதான் முறை.

முதல் வாரத்தில் உணவை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். அதே உலர் உணவை மூன்று அல்லது நான்கு வேளைகளாகப் பிரித்து, குறித்த நேரத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். உணவு வேளை என்ற ஒன்று பூனையின் மனத்தில் பதிந்த பின்னரே புதிய உணவுக்கு இடம் பிறக்கும். அதன் பிறகு ஒரு தேக்கரண்டி ஈர உணவை உடல் சூட்டிற்கு வெதுவெதுப்பாக்கி, உலர் உணவைப் பொடித்து மேலே தூவி, வழக்கமான கிண்ணத்துக்கு அருகில் தனித் தட்டில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த உணவில் மணம் எழாது. பூனை நாவைவிட மூக்கையே நம்பும். அரைத்த கூழ் வகையை மறுக்கும் பூனை சாறில் கிடக்கும் துண்டுகளை ஏற்கலாம், அவை பிடிக்காத பூனை கூழை ஏற்கலாம். இரண்டையும் சோதித்துப் பாருங்கள். சில பூனைகள் பத்து நாளில் மாறிவிடும், சிலவற்றுக்குப் பல மாதங்கள் ஆகும். குட்டிக்கு எல்லா வகைகளையும் இப்போதே பழக்குங்கள்; சிறு வயதில் வாயில் படாத பதத்தைப் பின்னாளில் ஏற்கப் பூனைகள் பெரிதும் தயங்குகின்றன.

பல்லைப் பொறுத்தவரை, சாதாரண உலர் உணவு உருண்டை பல்லின் நுனி பட்டதுமே உடைந்துவிடுவதால் ஈறோரத்தை அது தேய்ப்பதில்லை. பற்களுக்கென்றே பெரிதாகவும் நார் மிகுந்தும் செய்யப்படும் உருண்டைகள் வேறு; அவற்றுக்குப் பயன் உண்டு. பூனைகளுக்கு உரிய பற்பசையைக் கொண்டு துலக்கிவிடுவதே சிறந்தது. நடுப்பகல் உலர் உணவைக் கிராம் காட்டும் தராசில் நிறுத்து, உருட்டித் தின்னும் புதிர்க் கிண்ணத்தில் போட்டு வையுங்கள். கரண்டியாலோ குவளையாலோ அளந்தால் ஒவ்வொரு நாளும் அளவு மாறும். வைத்த ஈர உணவு இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் எடுத்துவிடுங்கள். வெக்கையான நாளில் இன்னும் முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது. திறந்த டின்னை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.


பதில்: மருதம்

மூன்றாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். சிறுநீரை அமிலமாக்கும் அந்த உணவுகளுள் பெரும்பாலானவை வளரும் குட்டிகளுக்கு உரியவை அல்ல. குட்டியை அதன் பக்கம் விடாதீர்கள். இரண்டையும் தனித்தனி அறைகளில் உண்ண வைப்பதே எளிய வழி. மிச்சம் இருப்பதைக் கடுவனுக்கும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஸ்ட்ரூவைட் படிகம் உரிய உணவால் கரையும். கால்சியம் ஆக்ஸலேட் என்ற மற்றொரு வகைப் படிகம் எந்த உணவாலும் கரையாது. இரண்டில் எது இருக்கிறது என்பது பரிசோதித்தால்தான் தெரியும். சிறுநீர் நீர்த்திருப்பது இரண்டுக்குமே நன்மை தரும் என்பதால், ஈர உணவின் அளவைக் கூட்டிக்கொண்டு போவதில் தயக்கம் வேண்டாம்.

எடையை மெதுவாகக் குறைக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு, அதாவது சுமார் 55 கிராம் குறைந்தால் போதும். நீலக்குறிஞ்சி கூறிய 216 கிலோகலோரியில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை அசையவில்லை என்றால் மேற்கொண்டு எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஈர உணவு உள்ளே போகப் போக, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகும். உணவை மாற்றியதைத் தொடர்ந்து அப்படி ஆனால் அது நாம் வேண்டிய மாற்றமே. உணவு மாறாமலே ஒருநாள் பெரிதானால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஒருமுறை சிறுநீரின் ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு அடர்த்தியானது என்பதை, அளக்கச் சொல்லுங்கள், 1.035க்குக் கீழே வந்திருந்தால் உணவு தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். கடுவன் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வராவிட்டால் விடியும் வரை காத்திராதீர்கள். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. அது அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் உணவைப் பற்றி யோசிக்காமல், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.